ஐபீஸில் 20 என்று போட்டிருந்தால் 20 மடங்கா? சிறிய ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் உருப்பெருக்கக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன் லென்ஸ் 50 மி.மீ. விட்டமுள்ள ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்றை, அதாவது தூரத்துப் பறவையைப் பார்க்கும் சின்னத் தொலைநோக்கியை, முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ஏரி ஏரியாகச் சுற்றுகிறவன் நான். கரையில் ஸ்டாண்டை விரித்து நிற்கும்போது பக்கத்தில் வருகிறவர்கள் பறவையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்கும் கேள்வி, ‘சார், இது எத்தனை எக்ஸ்?’, அதாவது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதுதான். பதில் ஒரு வரியில் சொல்லலாம், ஆனால் அந்த ஒரு வரியிலிருந்து அடுத்து ஒரு டஜன் கேள்வி கிளம்பும். அவற்றையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஸ்கோப் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரே ஒரு வகுத்தல். முன்பக்கத்து லென்ஸின் குவியத் தொலைவை, கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸான ஐபீஸின் குவியத் தொலைவால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். பத்தாம் வகுப்பில் பொருளருகு லென்ஸ், கண்ணருகு லென்ஸ் என்று படித்தோமே, அதே சங்கதி.

பென்டாக்ஸ் பி.எஃப்-65 இ.டி ஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். அதன் குவியத் தொலைவு 390 மி.மீ. 19.5 மி.மீ. ஐபீஸ் போட்டால் 390 ÷ 19.5 = 20 மடங்கு. 6.5 மி.மீ. போட்டால் 60 மடங்கு. அந்த நிறுவனத்தின் ஜூம் ஐபீஸ் 6.5 முதல் 19.5 மி.மீ. வரை போகிறது, அதனால்தான் இந்த ஸ்கோப்பில் அதை 20-60 என்கிறார்கள். அதே ஐபீஸைக் கழற்றி 520 மி.மீ. குவியத் தொலைவு உள்ள 80 மி.மீ. மாடலில் மாட்டினால் ஏறக்குறைய 27-80 ஆகிவிடும். மி.மீ. கூடக்கூட மடங்கு குறையும், இதை மட்டும் தலைகீழாக நினைத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஐபீஸ் வாங்கும்போது ‘பெரிய எண் நல்லதாக இருக்கும்’ என்று 30 மி.மீ. கேட்டு நின்றவன் நான்.

என் ஐபீஸில் மி.மீ. எதுவும் இல்லை, 20-60 என்று மட்டும் இருக்கிறது. அப்படியானால் எதில் போட்டாலும் 20-60தானே?

இல்லை. அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஐபீஸில் மடங்கு எழுதியிருந்தால், ‘இன்ன ஸ்கோப் உடலில் மாட்டினால் இத்தனை’ என்று அதற்கு அர்த்தம். ஐபீஸுக்கென்று தனியாக ஒரு மடங்கு கிடையாது, குவியத் தொலைவு மட்டும்தான் உண்டு.

நிக்கான் ஃபீல்டுஸ்கோப் வரிசையில் இது பளிச்சென்று தெரியும். அவர்களுடைய ஒரு ஜூம் ஐபீஸ் 50 மி.மீ. உடலில் 13-40, 60 மி.மீ. உடலில் 20-60, 82 மி.மீ. உடலில் 25-75. ஐபீஸ் ஒன்றுதான், எண்கள் மூன்று. அதே வரிசையில் ஒரு வைட் (அகலக் காட்சி) ஐபீஸ் 50 உடலில் 16 மடங்கு, 60ல் 24, 82ல் 30. 60 மி.மீ. உடலின் எண்ணை ஒன்றரையால் வகுத்தால் 50 மி.மீ. உடலின் எண் கிடைத்துவிடும் என்று மனசில் வைத்துக்கொண்டால், பழைய ஐபீஸ் கைக்கு வந்தாலும் தடுமாற வேண்டாம். ஆனால் இந்த ஒன்றரை அந்த வரிசைக்கு மட்டும், வேறு கம்பெனிக்கு விகிதமும் வேறு.

செகண்ட் ஹேண்டில் ஐபீஸ் வாங்கியபோது எனக்கும் இது நடந்தது. 60 மடங்கு கிடைக்கும் என்று விற்றவர் சொன்னார், பொய் சொல்லவில்லை, அவருடைய ஸ்கோப்பில் கிடைத்திருக்கும். என்னுடையதில் 40தான் வந்தது. முதல் வாரம் முழுக்க ஏமாந்துவிட்டோம் என்று குமைந்துகொண்டிருந்தேன், பிறகுதான் சின்ன ஸ்கோப்புக்கு 40ஏ அதிகம் என்று புரிந்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பெட்டியில் 16-48×65 என்று போட்டிருப்பதை எப்படிப் படிப்பது?

பெருக்கல் குறிக்கு முன்னால் இருப்பது மடங்கு, பின்னால் இருப்பது முன் லென்ஸின் விட்டம், மி.மீ. கணக்கில். விட்டம் வேறு, குவியத் தொலைவு வேறு. வகுத்தலில் 65ஐப் போட்டுவிடாதீர்கள். செலஸ்ட்ரான் ரீகல் எம்2 65 மி.மீ. ஸ்கோப்பின் குவியத் தொலைவு 386, கூட வரும் ஜூம் 8-24 மி.மீ. 386ஐ 24ஆல் வகுத்தால் 16, 8ஆல் வகுத்தால் 48. பெட்டியில் இருக்கும் எண் அதுதான்.

ஸ்கோப்பின் குவியத் தொலைவு எங்கேயும் போடவில்லையே, கையேடும் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

அளந்து பார்த்துவிடலாம். பட்டம் விடுகிற பேப்பர் அல்லது டிரேசிங் பேப்பர் ஒரு துண்டும், ஸ்கேலும் போதும், வெர்னியர் இருந்தால் ரொம்ப நல்லது.

ஸ்கோப்பைத் தூரத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு வெளிச்சமான வானத்தைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். சூரியன் பக்கம் தப்பித் தவறியும் வேண்டாம், பேப்பர் மட்டுமல்ல கண்ணும் போய்விடும். ஐபீஸுக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் ஒரு இடத்தில் சின்ன வெள்ளை வட்டம், ஓரம் கத்தியால் வெட்டியது போலத் தெளிவாக விழும். அதற்கு எக்ஸிட் ப்யூபில் என்று பெயர், கண்ணுக்குள் போகிற ஒளிக்கற்றையின் அகலம் அது. முன் லென்ஸின் விட்டத்தை இந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் மடங்கு வந்துவிடும். 50 மி.மீ. ஸ்கோப்பில் வட்டம் 2.5 மி.மீ. இருந்தால் 20 மடங்கு.

அடுத்து, அந்த ஐபீஸின் மி.மீ. தெரியும் என்றால் ஸ்கோப்பின் குவியத் தொலைவும் கிடைத்துவிடும். 20 மி.மீ. ஐபீஸ் போட்டு வட்டம் 3.6 மி.மீ. வந்தது என்று வையுங்கள், 50 ÷ 3.6 = 13.9 மடங்கு, அதை 20ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 278 மி.மீ. ஒருமுறை அளந்து ஸ்கோப் பையில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் உதவும். அளவு முழுத் துல்லியமாக இருக்காது. சாதா ஸ்கேலில் கால் மி.மீ. தப்பினாலே 20 என்பது 18 ஆகிவிடும், அதனால் பெரிய வட்டம் விழும் ஐபீஸை, அதாவது குறைந்த மடங்கை வைத்து அளப்பதுதான் நல்லது.

முன் லென்ஸ் 60 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள், அதை அப்படியே நம்பலாமா?

பேர் வாங்கிய கம்பெனி என்றால் பெரும்பாலும் நம்பலாம். மலிவு விலைச் சாமானில் மட்டும் சந்தேகம் வேண்டும். கண்ணாடி 60 இருக்கும், உள்ளே ஒரு வளையமோ சின்ன பிரிஸமோ ஓரத்து வெளிச்சத்தை அடைத்துக்கொண்டிருக்கும், வேலை செய்வது 45தான். இதைக் கண்டுபிடிக்க ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு ஐபீஸ் பக்கத்திலிருந்து ஒரு டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து உள்ளே அடியுங்கள். முன் லென்ஸுக்கு ஒட்டினாற்போல ஒரு தாளை வைத்தால் வெளியே வரும் வெளிச்ச வட்டம் தெரியும். லென்ஸ் அளவுக்கே இருந்தால் சரி. சின்னதாக இருந்தால் அதுதான் உங்கள் ஸ்கோப்பின் நிஜ விட்டம்.

பக்கத்து வீட்டுப் பையன் இணையத்தில் வாங்கிய ‘40×60’ மோனாகுலரை, அதாவது ஒற்றைக் கண் தொலைநோக்கியைக் கொண்டுவந்து ‘உங்களுடையது வெறும் 20தானே அண்ணா’ என்றான். 40×60 நிஜமென்றால் பின்னால் விழும் வட்டம் 1.5 மி.மீ. இருக்க வேண்டும். பேப்பரில் விழுந்தது 5 மி.மீ. முன் லென்ஸை ஸ்கேலால் அளந்தால் 40. 40ஐ 5ஆல் வகுத்துப் பார், எவ்வளவு வருகிறது என்றேன். எட்டு என்றான், முகம் தொங்கிப்போச்சு. ஆனால் எட்டு மடங்கு மோனாகுலர் பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக் குயிலைப் பார்க்கத் தாராளம், அதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

சரி, 50 மி.மீ. ஸ்கோப்புக்கு எத்தனை மடங்கு தேவை? 60 கிடைத்தால் நல்லதுதானே?

பெரிதாகத் தெரிவது வேறு, விவரம் தெரிவது வேறு. விவரத்தை முடிவு செய்வது முன் லென்ஸின் விட்டம். வானியல்காரர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு உண்டு, டாஸ் எல்லை என்பார்கள்: 116ஐ விட்டத்தால் வகுத்தால், அந்த லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம், நொடிக் கணக்கில் (நேரத்து நொடி அல்ல, ஒரு டிகிரியில் 3600ல் ஒரு பங்கு). 50 மி.மீ.க்கு 2.3 நொடி. 100 மீட்டரில் இது ஏறக்குறைய 1.1 மி.மீ. நம் கண்ணால் தானாகப் பிரிக்க முடிவது சுமார் 60 நொடி. 60ஐ 2.3ஆல் வகுத்தால் 26. அதாவது 25, 30 மடங்கிலேயே அந்த லென்ஸில் இருக்கும் விவரமெல்லாம் கண்ணுக்கு எட்டிவிடுகிறது. அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றினால் கண்ணுக்குச் சிரமம் குறையும், அவ்வளவே. 60க்கு ஏற்றினால் மாவைத் தண்ணீர் விட்டுப் பெருக்கிய கதை.

கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் கொசு உள்ளான் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பறவை ஒரு சாண்கூட இருக்காது, 150 மீட்டருக்கு அப்பால் சேற்றைக் கொத்திக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். தூரத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள்: 8 மடங்கு பைனாகுலரில் அது 19 மீட்டரில் நிற்பது போல, 20 மடங்கில் ஏழரை மீட்டர், 30 மடங்கில் 5 மீட்டர். கூட்டத்துக்குள் டெம்மிங்க் உள்ளான் ஒன்று கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் காலின் நிறம் வேண்டும், கொசு உள்ளானுக்குக் கறுப்பு, டெம்மிங்குக்கு மஞ்சள் கலந்த வெளிர் நிறம். பைனாகுலரில் இரண்டுமே ஈர்க்குச்சி. 20ல் சந்தேகம் வரும், 30ல் பெரும்பாலும் தீர்ந்துவிடும், பறவை காலைச் சேற்றில் முக்கி வைத்திருந்தால் 60லும் தீராது!

ஆராய்ச்சிக்காகப் பறவையின் காலில் மாட்டிய சின்னப் பிளாஸ்டிக் கொடியின் எழுத்தைப் படிப்பது இன்னும் கஷ்டமான வேலை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறது, வெளிநாட்டில் மாட்டப்பட்ட வளையங்களோடும் பறவைகள் வரும். ஓர் எழுத்தை எழுத்தாகப் படிக்க அதன் உயரத்தில் ஐந்து கூறாவது பிரிந்து தெரிய வேண்டும் என்று வைத்தால், 5 மி.மீ. உயர எழுத்துக்கு 50 மி.மீ. லென்ஸின் எல்லை ஏறக்குறைய 90 மீட்டர், அதுவும் காற்று அசையாத காலையில். மடங்கை ஏற்றி இந்த எல்லையைத் தள்ள முடியாது. பெரிய லென்ஸ் வேண்டும், இல்லையென்றால் பறவை கிட்டே வர வேண்டும்.

வேடந்தாங்கலில் கரை மேல் நின்று நத்தை குத்தி நாரை கூடு கட்டுவதைப் பார்க்க 15, 20 மடங்கே ஜோர். அங்கே போய் 40ஐத் திருகிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

மடங்கை ஏற்றினால் படம் இருட்டுவது ஏன்?

முன்னால் நுழையும் வெளிச்சம் அதே அளவுதான், அதைப் பெரிய படத்தில் பரப்புகிறோம். 50 மி.மீ. ஸ்கோப்பில் 13 மடங்கில் அந்த எக்ஸிட் ப்யூபில் ஒளிவட்டம் 3.8 மி.மீ., 20ல் 2.5, 30ல் 1.7, 40ல் 1.25. பரப்பளவுக் கணக்கு என்பதால் மடங்கு மூன்று பங்கானால் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். நல்ல பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியே 2, 3 மி.மீ.தான் திறந்திருக்கும், அதனால் 20 மடங்கில் இழப்பு தெரியாது. பொழுது சாயச்சாயக் கண்மணி விரியும், வட்டம் விரியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜூமைப் பின்னுக்கு இழுத்துவிடுங்கள், படம் சின்னதானாலும் பறவை தெரியும்.

எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஒளிவட்டம் ஒன்றரை மி.மீ.க்குக் கீழே போகும் ஐபீஸுக்குக் காசு கொடுப்பதில்லை.

காட்சியின் அகலத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஐபீஸுக்கு ஒரு காட்சிக் கோணம் உண்டு, உள்ளே எட்டிப் பார்த்தால் தெரியும் ‘ஜன்னலின்’ அகலம். அதை மடங்கால் வகுத்தால் நிஜமாக எத்தனை டிகிரி தெரிகிறது என்று தோராயமாக வரும். ஒரு டிகிரி என்பது 1000 மீட்டர் தூரத்தில் பதினேழரை மீட்டர் அகலம். 20 மடங்கில் 40 டிகிரி ஐபீஸ் என்றால் 2 டிகிரி, 1000 மீட்டரில் 35 மீட்டர். அதே 20 மடங்கில் 60 டிகிரி வைட் ஐபீஸ் என்றால் 3 டிகிரி, 52 மீட்டர். பழவேற்காட்டில் பூநாரைக் கூட்டத்தை எண்ணும்போது இந்த 17 மீட்டர் வித்தியாசம் நன்றாகவே தெரியும், ஸ்கோப்பை நகர்த்தி நகர்த்தி எண்ணினதையே எண்ணும் வேலை குறையும்.

ஜூம் வாங்குவதா, ஒரே மடங்கு ஐபீஸ் வாங்குவதா?

ஜூமில் ஒரு வினோதம் உண்டு. குறைந்த மடங்கில் அதன் ஜன்னல் குறுகலாகவும், கூடிய மடங்கில் அகலமாகவும் இருக்கும். பிரபலமான 8-24 மி.மீ. ஜூம்களில் 24 மி.மீ.யில் (குறைந்த மடங்கு) 40 டிகிரி, 8 மி.மீ.யில் (கூடிய மடங்கு) 60 டிகிரி என்பது வழக்கம். அதாவது பறவையைத் தேட அகலம் வேண்டிய நேரத்தில்தான் குழாய்க்குள் பார்ப்பது போல இருக்கும். 50 மி.மீ. ஸ்கோப்புக்கு என் ஓட்டு 20 மடங்குக்குப் பக்கத்தில் ஒரு வைட் ஐபீஸுக்குத்தான். நீர்ப்பறவை, கரைப்பறவை என்று தூரமாகப் பார்க்கிறவர்களுக்கு ஜூம் இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருக்கும், அதையும் குறை சொல்ல மாட்டேன்.

டெலஸ்கோப் ஐபீஸ் மாட்டலாமா? பார்லோ லென்ஸ்?

ஸ்கோப்பில் ஐபீஸ் மாட்டும் வாய் ஒன்றேகால் அங்குலம், அதாவது 31.7 மி.மீ. என்றால் பெரும்பாலும் உள்ளே நுழையும். மேலே சொன்ன பென்டாக்ஸ் அந்த வகை. நுழைந்துவிட்டதாலேயே ஃபோகஸ் ஆகிவிடும் என்று இல்லை, சில ஐபீஸுக்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும், பிரிஸம் இடிக்கும். வாங்கும் முன் மாட்டித் தூரத்து மரத்தைப் பார்த்துவிடுங்கள். திருகி மாட்டும் சொந்த வாய் வைத்த கம்பெனிகளுடையது ஒன்றுக்கொன்று சேராது. மழைக்குத் தாங்கும் ஸ்கோப்பில் தாங்காத ஐபீஸ் போட்டால் பனிக்காலைப் புல்வெளியில் உள்ளே ஆவி பிடித்துக்கொள்ளும்.

பார்லோ என்பது ஐபீஸுக்கு முன்னால் சேர்க்கும் கூடுதல் லென்ஸ், வழக்கமாக மடங்கை இரட்டிப்பாக்கும். சின்ன ஸ்கோப்பில் அது வேண்டாம், மேலே வந்த 26 மடங்குக் கணக்கை மறுபடி பாருங்கள்.

கண்ணாடி போட்டிருக்கிறேன், காட்சியின் ஓரம் கறுப்பாகிறதே?

மடங்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஐபீஸிலிருந்து கண்ணை எவ்வளவு தூரம் தள்ளி வைத்து முழு ஜன்னலையும் பார்க்க முடிகிறது என்பதுதான் ஐ ரிலீஃப். பேப்பரில் வட்டம் தெளிவாக விழுந்த இடம் இருக்கிறதே, கண்மணி அங்கே இருக்க வேண்டும். கண்ணாடிக்காரர்களுக்கு 15 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. ரப்பர் கப்பை மடித்துவிட்டுப் பார்த்தீர்களா? பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடுகிறது.

போனை வைத்துப் படம் எடுத்தால் அது எத்தனை மி.மீ. லென்ஸுக்குச் சமம்?

போனின் முதன்மைக் கேமரா, முழு ஃபிரேம் கணக்கில் 26 மி.மீ. என்று வைத்தால், ஸ்கோப் 20 மடங்கில் 26 × 20 = 520 மி.மீ. 50 மி.மீ. முன் லென்ஸுக்கு இது முழு ஃபிரேம் கணக்கில் ஏறக்குறைய எஃப்/10, அதாவது வெளிச்சம் குறைவாக வாங்கும் லென்ஸ். வெளிச்சம் இருக்கும்போது எடுத்துவிடுங்கள்.

கேமரா லென்ஸின் பின்னால் மாட்டி அதை ஸ்கோப்பாக மாற்றும் கன்வர்ட்டர்களிலும் இதே வகுத்தல்தான். நிக்கான் வெளியிட்டதில் உள்ளே இருப்பது 10 மி.மீ. ஐபீஸுக்குச் சமம், 300 மி.மீ. லென்ஸில் மாட்டினால் 30 மடங்கு.

காலையில் தெளிவாக இருந்த 40 மடங்கு, பதினோரு மணிக்குக் குழம்பிப் போகிறது. ஐபீஸ் கெட்டுவிட்டதா?

ஐபீஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அது கானல். சூடான தரையிலிருந்து எழும் காற்று அலைவதை நீங்கள் 40 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்று தூரத்து வாத்துகளைப் பார்த்தால் வெயில் ஏறியதும் ஒவ்வொன்றும் ஜெல்லி மாதிரி ஆடும். மடங்கை 15க்கு இறக்குங்கள், ஆட்டமும் சேர்ந்து சிறிதாகும். இன்னொன்று, சின்ன ஸ்கோப்பின் எடை. நிக்கான் இ.டி.50ன் உடல் அரைக் கிலோகூட இல்லை. அதை ஆடும் ஸ்டாண்டில் வைத்தால் கடற்காற்றுக்கே நடுங்கும், பலர் அந்த நடுக்கத்தையும் கானல் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் முதுகுப்பையை ஸ்டாண்டின் நடுக் கொக்கியில் தொங்கவிட்டு, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். படம் நின்றுவிட்டால் அது ஸ்டாண்டின் நடுக்கம். பறவை மட்டும் இன்னும் நெளிந்துகொண்டிருந்தால் கானல்தான், டீக்குடிக்கப் போய்விட்டு நாலு மணிக்கு மேல் வரலாம்.